அம்மாவோட செயற்கை வால்வுல தொற்று, மூளையில அடைப்பு. அசிட்ரோமை நிறுத்திட்டாங்க. சரிதானா?

கோவில்பட்டி மகன் | இரவு 11:50

வணக்கம். ஐசியூ வாசல்ல உட்கார்ந்து எழுதுறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 58 வயசு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல இதயத்தோட மைட்ரல் வால்வு கெட்டுப் போச்சு. 11 வருஷம் முன்னாடி உலோக வால்வு வச்சாங்க. ராத்திரி பக்கத்துல படுத்தா அந்த டிக் டிக் சத்தம் காதுல விழும். அது கேட்டாதான் எனக்குத் தூக்கமே வரும். அன்னையிலேருந்து ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை, ஒருநாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் அளவை எழுதுற நோட்டு இப்ப மூணாவது ஓடுது. ஊர்த் திருவிழான்னாலும் சாவு வீடுன்னாலும் சாயங்காலம் ஆறரைக்கு மாத்திரை போட்டுடுவாங்க.

போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. தெருமுனை கிளினிக்ல ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் கொடுத்தாங்க, விட்டுச்சு. ஒரு வாரத்துல திரும்ப வந்துச்சு, திரும்ப அதே மாத்திரை. மூணாவது வாரம் காலையில காபி டம்ளரை எடுத்தாங்க, வலது கையிலேருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு. என் பேரைக் கூப்பிடப் பார்த்தாங்க, வாய் குழறுச்சு. மதுரைக்குக் கொண்டு வந்துட்டோம்.

தொண்டை வழியா எக்கோ பார்த்து, வால்வுல 12 மி.மீ.க்கு வெஜிடேஷன் இருக்குன்னாங்க. ரத்தத்துல ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற கிருமி வளர்ந்திருக்கு. எம்ஆர்ஐல இடப்பக்க மூளையில அடைப்பு, அதுக்குள்ளேயே கொஞ்சம் ரத்தக் கசிவும் தெரியுதாம். இன்னைக்கு வந்து அசிட்ரோம் வேண்டாம், அதே வேலையைச் செய்யுற ஹெபாரின் ஊசியும் இப்போதைக்கு வேண்டாம், ரெண்டு வாரம் போகட்டும்னு சொல்லிட்டாங்க.

ஒரு வேளை விட்டாலே வால்வு அடைச்சிடும்னு சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. இப்ப பக்கவாதம் வந்த பிறகு, ரத்தம் உறையாம இருக்க மருந்தே வேண்டாம்னா எப்படி? கட்டியைக் கரைக்கிற ஊசி போடுங்கன்னு கேட்டேன், அதுவும் முடியாதுன்னுட்டாங்க. கேள்வி கேட்டா கோபப்படுறாங்க. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

இரவுப் பணி | இரவு 12:35

தம்பி, நான் இதய மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் "இதுதான் சரி" என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஏன் நிறுத்துகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு போனால் நாளைக்கு ரவுண்ட்ஸில் அவர்களோடு பேசுவது எளிதாக இருக்கும்.

உலோக வால்வில் சும்மா சேர்கிற ரத்தக் கட்டி வேறு, வெஜிடேஷன் வேறு. வெஜிடேஷன் என்பது கிருமியும் தட்டணுக்களும் ஃபைப்ரின் நாரும் பின்னிப் பிணைந்த ஒரு பிண்டம். கிருமி அதற்குள் கூடு கட்டியிருக்கிறது. அசிட்ரோம் அந்தக் கூட்டைக் கரைக்காது, உடைந்து ஓடுவதையும் நிறுத்தாது. உங்கள் அம்மா மூன்று வாரமும் அசிட்ரோம் போட்டுக்கொண்டுதானே இருந்தார்? அப்படி இருந்தும் துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது.

துணுக்கு போய் அடைத்த இடத்தில் மூளைத் திசு செத்து, ரத்தக் குழாயின் சுவரும் பலவீனமாகிவிடும். அந்தத் துணுக்கில் கிருமியும் இருப்பதால் சுவரையே அரிக்கும். சில இடங்களில் சுவர் பலூன் மாதிரி புடைக்கும். இதற்கு மைக்காட்டிக் அன்யூரிசம் என்று பெயர். வில்லியம் ஆஸ்லர் 1885இல் வைத்த பெயர். பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம். அடைப்பும் கசிவும் இரண்டு தனி நோய்கள் இல்லை என்று இதிலிருந்தே புரியும். ஒரே துணுக்கு முதலில் அடைக்கும், பிறகு அதே இடம் கசியும். அந்த நேரத்தில் ரத்தம் உறையாத மருந்து உடம்பில் இருந்தால் சின்னக் கசிவு பெரிய ரத்தக்கசிவாகிவிடும். கரைக்கிற ஊசி போடாததும் இதனால்தான். சாதாரண பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கிற அந்த ஊசியை வால்வுத் தொற்று என்று தெரிந்தால் கொடுக்கக் கூடாது. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். அம்மாவுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அப்படியென்றால் அடுத்த துணுக்கை எது தடுக்கும்? ஆன்டிபயாடிக். சரியான மருந்து நரம்பு வழியாக ஏற ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தில்தான் துணுக்கு உடைகிற ஆபத்து அதிகம். நாள் போகப் போக அது வேகமாகக் குறையும். அம்மாவுக்குப் பக்கவாதத் தடுப்பு மருந்து இப்போது அந்த டிரிப்ஸ் பாட்டில்தான்.

பெரியகுளம் பழனி | காலை 6:10

டாக்டரம்மா சொல்றதை மறுக்கிறதுக்காக எழுதலை. ஆனா எங்க அப்பாவுக்கு 2016ல இதே மாதிரி வால்வுல தொற்று வந்தப்ப நிறுத்தவே இல்லை. அசிட்ரோமை எடுத்துட்டு ஹெபாரின் டிரிப்ஸ்ல போட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு நடந்தே வீட்டுக்கு வந்தார். எங்க தெருவுல இன்னொருத்தர், தொற்று எதுவும் இல்லை, நாட்டு மருந்து சாப்பிடுறேன்னு மாத்திரையை விட்டார். மூணே மாசத்துல மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போய் கட்டி அடைச்சு வால்வு திறந்து மூடலைன்னு சொல்லி, போய்ச் சேர்ந்துட்டார். ரெண்டையும் கண்ணால பார்த்தவன் நான். நிறுத்துறதுன்னா எனக்கு வயிறு கலங்குது. தம்பி, இன்னொரு இடத்துல கருத்துக் கேளுங்க.

இரவுப் பணி | காலை 7:25

பழனி அண்ணா, நீங்கள் பார்த்த இரண்டுமே உண்மைதான். ஆனால் ஒன்றுக்கொன்று வேறு.

தெருக்காரர் விட்டது மூன்று மாதம். இங்கே பேசுவது இரண்டு வாரம். உலோக வால்வு வைத்தவர்களின் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 1994இல் ஒரு தொகுப்பு வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க எந்த மருந்தும் இல்லாமல் இருந்தால், நூறு பேரை ஒரு வருஷம் கவனித்தால் சுமார் 4 பேருக்குப் பெரிய அடைப்பு வருகிறது. அசிட்ரோமும் சேர்ந்த வார்ஃபரின் வகை மருந்து சாப்பிட்டால் சுமார் 1. வருஷத்துக்கு 4 என்பதை இரண்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேர். மைட்ரல் வால்வில் இதைவிடக் கூடும், தொற்று இருக்கும்போது ரத்தம் இன்னும் எளிதாக உறையும் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே அம்மாவுக்கு வைக்க முடியாது. அதையும் கூட்டி வைத்துப் பார்த்தாலும், மூளையில் ஏற்கெனவே கசிந்திருக்கிற ஒருவருக்கு மருந்தைத் தொடர்வதில் உள்ள ஆபத்துதான் கனமாக நிற்கிறது.

உங்கள் அப்பாவுக்கு மூளையில் கசிவு இருந்ததா? பக்கவாதமே வராமல் இருந்தால் அசிட்ரோமை எடுத்துவிட்டு ஹெபாரினுக்கு மாற்றுவது பல இடங்களில் வழக்கம். டிரிப்ஸில் போகிற ஹெபாரின் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், முறிக்க புரோட்டமின் ஊசியும் உண்டு. திடீரென்று கசிவு வந்தாலோ அவசர அறுவை சிகிச்சை என்றாலோ உடனே நிறுத்தலாம். வார்ஃபரின் என்றால் இறங்க நாள் கணக்காகும்.

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உலோக வால்வில் தொற்றும் மூளையில் துணுக்கும் சேர்ந்தால் எல்லா உறைவுத் தடுப்பு மருந்தையும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்துவது நியாயம் என்று 2015 அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது, ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. ஐரோப்பிய வழிகாட்டி, கசிவு இருந்தால் நிறுத்து, பிறகு பல துறை மருத்துவர்களும் சேர்ந்து பேசி கூடிய சீக்கிரம் ஹெபாரினில் தொடங்கு என்கிறது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு இதற்குக் கிடையாது. அதனால் இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. "சும்மா ஒரு ஆஸ்பிரினாவது கொடுங்க" என்று உறவினர் கேட்பதுண்டு. கனடாவில் நடந்த ஒரு ஆய்வில் வால்வுத் தொற்று உள்ள 115 பேருக்குத் தினமும் 325 மி.கி. ஆஸ்பிரின் அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2003இல் வந்தது. துணுக்கு உடைந்து போவது ஆஸ்பிரின் பக்கம் 28.3 சதவீதம், போலி மாத்திரை பக்கம் 20. ரத்தக்கசிவு 28.8க்கு 14.5. சிறிய ஆய்வு, வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஆஸ்பிரின் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அதோடு போய்விட்டது.

பெரியகுளம் பழனி | காலை 7:50

அப்பாவுக்கு மூளையில ஒண்ணும் இல்லைம்மா. அயோர்ட்டிக் வால்வு, கிருமியும் வேற ஏதோ பேர் சொன்னாங்க. சரி, நான் என் அப்பாவை வச்சு அந்தத் தம்பியைக் குழப்பிட்டேன். மன்னிக்கணும்.

நெல்லை அக்கா | காலை 10:15

இதைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியலை.

எங்க வீட்டுக்காரருக்கு அயோர்ட்டிக் உலோக வால்வு. 46 வயசு. தொற்றுன்னு அட்மிட் பண்ணி ஆன்டிபயாடிக் ஏறிக்கிட்டு இருந்துச்சு. காய்ச்சல் விட்டுடுச்சு. நல்லா சாப்பிட்டாக, பிள்ளைக கிட்ட போன்ல சிரிச்சுப் பேசுனாக. மாத்திரையும் எப்பவும் போல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் "அந்த ட்யூப்லைட்டை அணைச்சுடு, கண்ணு கூசுது, பின்மண்டை பிடிச்சு இழுக்குது"ன்னாக. நான் தூக்கம் கெட்டதாலன்னு நினைச்சேன். டூட்டில இருந்தவங்ககிட்ட சொன்னேன், தலைவலிக்கு மாத்திரை குடுத்தாங்க. அதைச் சொன்னதோட என் வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். கண்ணு கூசுறதை நான் சொல்லலை. அது ஒரு சேதின்னே எனக்குத் தெரியாது. விடியக்காலம் நாலு மணிக்கு வாந்தி எடுத்தாக. கூப்பிட்டா பதில் இல்லை. சிடில மூளையில பெரிய ரத்தக்கசிவுன்னு காட்டுனாங்க. அப்ப ஐஎன்ஆர் 3.8. ரெண்டு நாள்தான் இருந்தாக.

யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதலை. தம்பி, உங்க அம்மா "தலை வலிக்குது"ன்னு சொன்னா, "வெளிச்சம் பட்டா கூசுது"ன்னு சொன்னா, "கழுத்து இறுக்குது"ன்னு சொன்னா, அங்கேயே நின்னு, "இவங்களுக்கு வால்வுல தொற்று, மூளையில கசிவு இருந்திருக்கு, புதுசா தலைவலி வந்திருக்கு, சிடி எடுங்க"ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க. கோபப்பட்டா படட்டும்.

கோவில்பட்டி மகன் | காலை 11:05

அக்கா, என்ன சொல்றதுன்னு தெரியலை. நீங்க சொன்ன அந்த வரியை அப்படியே போன்ல எழுதி வச்சுக்கிட்டேன். தம்பிக்கும் அனுப்பிட்டேன், ராத்திரி அவன் இருப்பான்.

யாழ் தாதி | பிற்பகல் 3:40

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருதயச் சத்திரசிகிச்சை வார்ட்டில தாதியா வேலை செய்யிறன். அந்த அக்கா சொன்னதை வாசிக்க நெஞ்சு கனத்துப் போச்சு.

நாங்கள் இப்படியான ஆக்களைப் பாக்கேக்க ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, சில வேளை அதை விடவும் கிட்டக் கிட்ட, நரம்புச் சோதனை செய்வம். கண்மணியில டோர்ச் அடிச்சுப் பாப்பம். என்ர ரெண்டு விரலையும் ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடியுங்கோ எண்டு சொல்லுவம். எது சோருது எண்டு கைக்குத் தெரியும். கண்ணை மூடி ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டச் சொல்லுவம், ஒரு கை மெல்ல இறங்கினா டொக்டரைக் கூப்பிடுவம். இன்னைக்கு என்ன கிழமை எண்டு கேப்பம். இதெல்லாம் நீங்களும் பார்வை நேரத்தில செய்யலாம். அம்மாவோட கதைக்கிறது மாதிரியே செய்யலாம், அவவுக்குப் பரிசோதனை எண்டு தெரிய வேண்டியதில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில பேச்சு மாறினா எங்களுக்கு முந்தி உங்களுக்குத்தான் விளங்கும்.

வேற ஒண்டு. துணுக்கு மூளைக்கு மட்டும் போறேல்லை. இடப்பக்க விலாவுக்குக் கீழ திடீரெண்டு நோ வந்தா மண்ணீரலா இருக்கலாம். ஒரு கால் சில்லிட்டு வெளிறினா அதுவும் துணுக்குத்தான். நகத்துக்குக் கீழ சின்னச் சிவப்புக் கோடுகள், உள்ளங்கையில நோவில்லாத சிவப்புப் புள்ளிகள் இருந்தா காட்டுங்கோ. பல்லுத் தீட்ட மெல்லிய பிரஷ் குடுங்கோ, ஆனா தீட்டாம விட வேண்டாம். வாய் சுத்தம் இல்லாட்டி அதில இருந்தும் கிருமி ரத்தத்துக்குப் போகும்.

ஆய்வக அறை | மாலை 5:20

நான் மருத்துவர் இல்லை. லேப்ல பதினாறு வருஷமா பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி வளருதான்னு, பார்க்கிறேன். இந்த இழையில முதல் பதிவுலேயே ஒரு வரி என்னைக் குத்துது. காய்ச்சலுக்கு அஞ்சு நாள் ஆன்டிபயாடிக், திரும்ப அஞ்சு நாள்.

வால்வு வச்சவங்களுக்கு காய்ச்சல்னா மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். மூணு தடவை, மூணு வேற இடத்துல குத்தி, பாட்டிலுக்கு 8லிருந்து 10 மி.லி. எங்ககிட்ட வர்ற பாட்டில்ல பாதிக்கு மேல 2 மி.லி., 3 மி.லி.தான் இருக்கும். "பாட்டிக்கு ரத்தம் கம்மி சார், இவ்வளவுதான் வந்துச்சு"ம்பாங்க. ரத்தத்துல கிருமி மி.லி.க்கு ஒண்ணு ரெண்டுதான் மிதக்கும். 2 மி.லி. எடுத்தா அது பாட்டிலுக்குள்ள வராமலே போகலாம். மேல நாலு வேளை மாத்திரையும் போட்டிருந்தா கிருமி சாகாது, ஆனா பாட்டில்ல வளரவும் செய்யாது. அஞ்சு நாள் மெஷின்ல கிடந்து "வளர்ச்சி இல்லை"ன்னு ரிப்போர்ட் போகும். வால்வுல அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டு இருக்கும். கிருமி பேர் தெரியாம மருத்துவர் குத்துமதிப்பா மருந்து போடணும்.

உங்க அம்மாவுக்கு ஆரியஸ்னு தெரிஞ்சது நல்லதுதான். எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு சேர்த்து வந்திருக்கும், கேட்டு வச்சுக்கோங்க.

இரவுப் பணி | இரவு 9:30

அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆரியஸ் என்பதால் ஆபத்தும் அதிகம். ஸ்பெயினில் இதயத்தின் இடப்பக்க வால்வுகளில் வந்த 1345 தொற்றுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். நாலில் ஒருவருக்கு மூளைச் சிக்கல். 14 சதவீதம் அடைப்பு, 4 சதவீதம் ரத்தக்கசிவு. ஆரியஸ் கிருமி, மைட்ரல் வால்வு, மிகப் பெரிய வெஜிடேஷன், உறைவுத் தடுப்பு மருந்து ஆகியவை இருந்தவர்களுக்குச் சிக்கல் கூடுதல். சரியான ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு அது குறைந்தது. பக்கவாதம் வெளியே தெரியாதவர்களுக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் சின்னச் சின்ன அடைப்புகள் தெரிவது சகஜம். எம்ஆர்ஐயில் உலோக வால்வு சிக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று உடம்பில் இருக்கிற வால்வுகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம், வால்வு அட்டையை எடுத்துப் போய்க் காட்டினால் போதும்.

கோவில்பட்டி மகன் | ஒன்பதாம் நாள், இரவு 8:15

அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. அடுத்து எடுத்த கல்ச்சர்ல வளர்ச்சி இல்லை. அதுக்கப்புறம்தான் ரிஃபாம்பிசின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாடிக் சேர்த்தாங்க, சிறுநீர் ஆரஞ்சா போகுதுன்னு அம்மா பயந்துட்டாங்க. பேச்சு முக்கால்வாசி வந்துடுச்சு. வலது கைப் பிடி இன்னும் பலம் இல்லை. யாழ் தாதி அக்கா சொன்ன மாதிரி தினமும் ரெண்டு விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்றேன். அம்மா "என்னடா, சின்னப் பிள்ளையில நீ பிடிச்ச மாதிரி நான் பிடிக்கிறேன்"ங்கிறாங்க.

இப்ப புதுக் கவலை. வால்வை மாத்த வேண்டி வரலாம்னு சர்ஜன் சொன்னார். ஆனா இப்ப இல்லை, நாலு வாரம் போகணுமாம். மாத்தணும்னா உடனே மாத்த வேண்டியதுதானே, எதுக்குக் காத்திருக்கணும்?

இரவுப் பணி | ஒன்பதாம் நாள், இரவு 11:00

வால்வு ஆபரேஷனில் ரத்தத்தை வெளியே எடுத்து இதய நுரையீரல் இயந்திரத்தின் வழியாகச் சுற்ற விடுவார்கள். குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க அந்த நேரத்தில் மிக அதிக அளவில் ஹெபாரின் கொடுத்தாக வேண்டும். மூளையில் கசிந்த இடம் ஆறாமல் அதைக் கொடுத்தால் உடைந்து கொட்டும். அதனால்தான் பெரிய கசிவு இருந்தால் முடிந்தவரை ஒரு மாதம் தள்ளிப் போடுகிறார்கள். வெறும் அடைப்பு மட்டும், கசிவு இல்லை, நினைவும் நன்றாக இருக்கிறது என்றால் காத்திருக்கத் தேவையில்லை.

இதுவும் இரும்பு விதி இல்லை. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தால், வால்வைச் சுற்றிச் சீழ்க்கட்டி பரவினால், வால்வே தையலை விட்டு ஆட ஆரம்பித்தால், கசிவு இருந்தாலும் மேசைக்கு எடுத்துப் போவார்கள். அதனால் நாளைக்கு இதை மட்டும் கேளுங்கள்: வால்வு தையலில் ஆடாமல் நிற்கிறதா, பக்கத்தில் சீழ் இருக்கிறதா, வெஜிடேஷன் சுருங்குகிறதா வளர்கிறதா.

கோவில்பட்டி மகன் | பதினேழாம் நாள், மாலை 6:40

கேட்டேன். வால்வு தையல்ல ஆடலை, சீழ் இல்லை, வெஜிடேஷன் 7 மி.மீ. ஆயிருக்கு. இந்தத் தடவை அவரே எக்கோ படத்தைத் திருப்பிக் காட்டினார். கசிவு ஆறிட்டு வருதுன்னு சிடி எடுத்துப் பார்த்துட்டு, பதினஞ்சாம் நாள் ஹெபாரின் டிரிப்ஸ் தொடங்கினாங்க. மூளை ரத்தக் குழாய்களையும் சிடில மருந்து செலுத்திப் பார்த்தாங்க, புடைப்பு எதுவும் இல்லையாம். ஆபரேஷன் இப்போதைக்குத் தள்ளி வச்சிருக்காங்க.

அந்தப் பதினாலு நாள் எப்படிப் போச்சுன்னு சொல்லத் தெரியலை. பார்வை நேரத்துல அம்மா நெஞ்சுல காதை வச்சு டிக் டிக் கேட்டேன். சத்தம் மந்தமானா வால்வு அடைக்குதுன்னு அர்த்தம்னு ஒருத்தர் சொன்னார். ஒவ்வொரு நாளும் போன்ல பதிவு பண்ணி முந்தின நாளோட ஒத்துப் பார்த்தேன்.

நெல்லை அக்கா | பதினேழாம் நாள், இரவு 7:20

சத்தம் நல்லா கேக்குதுல்லா? அது போதும் தம்பி. இன்னைக்காவது தூங்குங்க.

கோவில்பட்டி மகன் | முப்பத்து ஆறாம் நாள், காலை 9:00

அசிட்ரோம் மறுபடி தொடங்கி பத்து நாளாச்சு. பழைய அளவு கொடுத்தா ஐஎன்ஆர் 1.3க்கு மேல ஏற மாட்டேங்குது. 4 மி.கி. ஆக்கி, 6 மி.கி. ஆக்கினாங்க. நேத்து 2.1. அம்மாவுக்கு 2.5லிருந்து 3.5க்குள்ள இருக்கணும். அதுவரை ஹெபாரினும் ஓடுது. மாத்திரையே போலியான்னு சந்தேகம் வந்துடுச்சு.

இரவுப் பணி | முப்பத்து ஆறாம் நாள், பிற்பகல் 1:15

மாத்திரை நல்ல மாத்திரைதான். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு அசிட்ரோமைச் சீக்கிரம் அழிக்கச் செய்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிற வால்வு நோயாளிகளுக்கும் இதே சிக்கல் வரும்.

தம்பி, இதுவரை நான் எழுதியதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் ஆறு வாரம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்துவார்கள். எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். கல்லீரல் அன்றைக்கே பழைய நிலைக்குத் திரும்பாது. இரண்டு மூன்று வாரமாக மெல்ல மெல்லத் திரும்பும். அந்த நாட்களில் நீங்கள் 6 மி.கி. அசிட்ரோமையே கொடுத்துக்கொண்டிருந்தால் ஐஎன்ஆர் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போகும். மூளையில் ஒரு தழும்பு இருக்கிறவருக்கு அது நடக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஒரு மாதம் கழித்து ஐஎன்ஆர்" என்று எழுதியிருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாரம் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அளவைக் குறைப்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும், நீங்களாகச் செய்ய வேண்டாம்.

பெரியகுளம் பழனி | முப்பத்து ஆறாம் நாள், இரவு 8:30

இந்த அசிட்ரோமுக்குப் பதிலா ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்திருக்கே, அதுக்கு மாறிட்டா இந்தத் தொல்லை இல்லையே டாக்டரம்மா?

இரவுப் பணி | முப்பத்து ஆறாம் நாள், இரவு 10:05

உலோக வால்வுக்குக் கூடாது அண்ணா. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டபிகாட்ரானை உலோக வால்வில் முயன்று பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. அடைப்பும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது, பாதியிலேயே நிறுத்தினார்கள். வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

கோவில்பட்டி மகன் | வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், மாலை 7:00

டாக்டர், நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல மூணு வாரம் கழிச்சுன்னுதான் போட்டிருந்தாங்க. நான் திங்களும் வியாழனும் லேப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் திங்கள் 2.8. வியாழன் 3.3. அடுத்த திங்கள் 5.2. பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வந்ததை அம்மா அன்னைக்குத்தான் சொன்னாங்க. போன் பண்ணினேன். ரெண்டு நாள் நிறுத்தி 4 மி.கி.ல தொடங்கச் சொன்னாங்க. இன்னைக்கு 3.1. நோட்டுல பக்கம் முழுக்கச் சிவப்பு மையில எழுதி வச்சிருக்கேன்.

காலையில வாசல்ல கோலம் போட உட்கார்ந்தாங்க. அஞ்சு புள்ளி. கடைசி ரெண்டு புள்ளி தள்ளிப் போச்சு, அழிச்சுட்டுத் திரும்ப வச்சாங்க.

புது உறுப்பினர் 88 | அன்றிரவு 9:10

இழை முழுக்கப் படிச்சேன். எங்க அப்பாவுக்குப் போன வருஷம் அயோர்ட்டிக் திசு வால்வு வச்சோம். மூணு நாளா காய்ச்சல், இப்ப 101. தலைவலி எதுவும் இல்லை. மெடிக்கல்ல சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கி வச்சிருக்கேன். திசு வால்வுக்கும் இதெல்லாம் உண்டா?

ஆய்வக அறை | இரவு 9:14

உண்டு. மாத்திரை போட்டுட்டாரா?

புது உறுப்பினர் 88 | இரவு 9:15

இல்லை, சாப்பிட்டதும் கொடுக்கலாம்னு.

ஆய்வக அறை | இரவு 9:16

கொடுக்காதீங்க. வால்வு அட்டையை எடுத்துக்கிட்டு இப்பவே இதயப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. "வால்வு வச்சவர், மூணு நாள் காய்ச்சல், ஆன்டிபயாடிக் எதுவும் போடலை, முதல்ல கல்ச்சர் எடுங்க"ன்னு சொல்லுங்க. மூணு செட். பாட்டில்ல கோடு வரைக்கும் ரத்தம் இருக்கான்னு பாருங்க.

புது உறுப்பினர் 88 | இரவு 11:48

எடுத்தாச்சு சார். மூணு செட், கோடு வரைக்கும். காலையில எக்கோ.